கவிழ்த்து வைக்கத் தெரிந்தவருக்கே காசு

சீட்டாட்டத்தில் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, ஆடாமல் உட்கார்ந்திருப்பதுதான். கைக்கு வந்த சீட்டைப் பார்த்ததும் ‘இது தேறாது’ என்று கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் பெரிய மனக்கட்டுப்பாடு வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடியவர்களுக்கு இது தெரியும். பதின்மூன்று சீட்டை விரித்துப் பார்த்து, ஜோக்கரும் இல்லை, சீக்வென்ஸுக்கு வழியும் இல்லை என்றால், விவரமான சித்தப்பா எடுத்த எடுப்பிலேயே டிராப் சொல்லிவிடுவார். இருபது பாயின்டோடு போயிற்று. பக்கத்தில் இருக்கும் மாமாவுக்கு மனசு கேட்காது. “உட்கார்ந்ததே ஆடத்தானே” என்று கடைசி வரை இழுத்து, எண்பது பாயின்ட் வாங்கிக்கொள்வார். விடியும்போது சித்தப்பாவின் சட்டைப் பையில் நாலு காசு கூடியிருக்கும். மாமா முகூர்த்தத்துக்கு மொய் எழுத யாரிடமாவது கைமாற்று கேட்டுக்கொண்டிருப்பார்.

போக்கர் ஆட்டத்தின் அடிப்படையும் இதுதான். புதியவர்கள் நிறைந்த, சின்னத் தொகை ஆடும் கேசினோ மேஜையில் ஒன்பது நாற்காலி என்றால், ஆறில் நம் மாமாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் ‘பார்த்துவிடலாம்’ என்று பணம் கட்டுவார்கள். ‘அப்படிப்பட்ட மேஜை கிடைத்தால் அள்ளிக்கொண்டு வரலாம்’ என்ற பேச்சு, தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கத்து வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் இன்று சாதாரணம். இரும்புலியூரில் மதுரவாயல் பைபாஸ் வந்து சேரும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் மீனம்பாக்கமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே விமானம் ஏறினால், ராத்திரிச் சாப்பாடு கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில்.

அந்த மேஜையில் உண்மையிலேயே காசு இருக்கிறதா? இருக்கிறது. அது யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேஜையில் நடப்பது என்ன?

கேசினோக்களில் பெரும்பாலும் ஆடுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். மேஜை நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து யார் கை பெரியதோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தை ஏற்றலாம், ஈடுகட்டலாம், கவிழ்த்துவிட்டு விலகலாம்.

கைக்கு வரும் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். அதில் ஆகச் சிறந்த கையான இரண்டு ஏஸ், சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். ஏதாவது ஒரு ஜோடி வருவதே பதினேழில் ஒன்று. ஆகவே நிதானமாக ஆடுகிறவர் பத்துக் கையில் ஏழு எட்டைக் கவிழ்த்துவிடுவார். புதியவர் ஏழெட்டை ஆடுவார். வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு கையை அருகில் போய்ப் பார்ப்போம். பிளைண்ட் எனும் கட்டாயக் கட்டு 50, 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ராஜா. நீங்கள் 600-க்கு ஏற்றுகிறீர்கள். மூன்று பேர் யோசிக்காமல் உள்ளே வருகிறார்கள். விலகியவர்களின் பிளைண்டும் சேர்ந்து நடுவில் 2,550. திறக்கும் மூன்று சீட்டு: ஆர்ட்டின் ராஜா, ஸ்பேட் எட்டு, ஆர்ட்டின் மூன்று. உங்களுக்கு ராஜா ஜோடி. 1,800 கட்டுகிறீர்கள். ஒருவர் மட்டும் தொடர்கிறார். அவர் கையில் ஆர்ட்டின் ஏழும் இரண்டும். கவிழ்த்திருக்க வேண்டிய கை அது. ஆனால் இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் ஐந்தும் ஆர்ட்டினாகி அவர் ஜெயிப்பார்.

நான்காவது சீட்டு கிளாவர் ஐந்து. அவருக்கு உதவவில்லை. நடுவில் இப்போது 6,150. நீங்கள் 5,000 கட்டுகிறீர்கள். மீதி இருக்கும் 44 சீட்டில் ஒன்பதுதான் ஆர்ட்டின். அவர் ஜெயிக்க ஐந்தில் ஒரு வாய்ப்புதான். அந்த விலைக்கு உள்ளே வரக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பாவது வேண்டும். ஆனாலும் அவர் 5,000 கட்டுகிறார். இதே நிலையில் இதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்தால், ஒவ்வொரு முறையும் சராசரியாகச் சுமார் 1,700 ரூபாய் அவர் கையைவிட்டுப் போகும். நிதானமாக ஆடுகிறவரின் வருமானம் என்பது இந்த 1,700 ரூபாய்கள்தான். மாய வித்தை எதுவும் இல்லை. நல்ல கை வந்தால் தயங்காமல் பெரிதாகக் கட்டுவது, எதையும் ஈடுகட்டும் ஆளிடம் பொய்க்கை காட்டி மிரட்டப் பார்க்காமல் இருப்பது, மற்றவற்றைக் கவிழ்ப்பது. பலவீனமான மேஜையை வெல்லும் சூத்திரம் இவ்வளவே.

தவறுக்குக் கிடைக்கும் பரிசு

ஐந்தில் ஒரு முறை அந்த ஆர்ட்டின் விழத்தான் செய்யும். அப்போது பதினாறாயிரத்துச் சொச்சமும் அவர் பக்கம் தள்ளப்படும். மேஜை ஆர்ப்பரிக்கும். தப்பாக ஆடியவருக்குப் பரிசு, சரியாக ஆடியவருக்கு நஷ்டம். இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். சைக்கிள் ஓட்டக் கற்கும் பிள்ளை தப்புச் செய்தால் உடனே விழுகிறது, அதனால் கற்றுக்கொள்கிறது. போக்கரில் தப்புச் செய்தவர் சில நேரம் தூக்கிக் கொண்டாடப்படுகிறார். அதனால் அவர் கற்றுக்கொள்வதே இல்லை. ‘எனக்குக் கை ராசி உண்டு’ என்று ஊருக்குத் திரும்புகிறார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகிறார்.

நன்றாக ஆடுகிறவருக்கும் இதே சோதனைதான். இரண்டு ஏஸை வைத்திருப்பவர் ஒருவரோடு மோதினால் நூற்றுக்கு 85 முறை ஜெயிப்பார். ஐந்து பேர் எதையோ பிடித்துக்கொண்டு கடைசி வரை வந்தால், ஆகச் சிறந்த அந்தக் கையே பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேறும். மேஜையில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது ஆட்டம்தான் நடக்கும். சனி, ஞாயிறு சேர்த்துப் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் முந்நூறு ஆட்டம். அதில் ஜெயித்தது திறமையா, சீட்டு விழுந்த வாக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திறமை வெளிப்படப் பல்லாயிரம் ஆட்டம் வேண்டும். ஒரு வார இறுதிக்குப் போய் வருகிறவர் தன்னைத் திறமைசாலி என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

நீதிமன்றம் சொன்னதும் நாம் மறந்ததும்

ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வரியைச் சீட்டாடும் எல்லோரும் அறிவார்கள். செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த சோதனையை ஒட்டி எழுந்த ஆந்திரப் பிரதேச அரசு - கே.சத்தியநாராயணா வழக்கில், 1967 நவம்பரில் வந்த தீர்ப்பு அது. மூன்று சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கவும் திறமை வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்றத்தை நடத்துகிறவர் லாபம் பார்க்கிறார் என்று நிரூபணமானால், குற்றம் நிற்கலாம் என்பது அது. அறுபது ஆண்டுகளாக முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டாவது பாதியில்தான் கேசினோவின் முழுச் சங்கதியும் இருக்கிறது.

மண்டபத்து மாடியில் ஆடும்போது சித்தப்பா ஜெயித்த காசு மாமாவிடமிருந்து வந்தது. மொத்தத் தொகை குறையவில்லை. கேசினோவில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கைக் கேசினோ எடுத்துக்கொள்ளும். கணக்குக்காக அதை 5 சதவீதம் என்று கொள்வோம். சராசரியாக நடுவில் 2,000 ரூபாய் சேர்ந்தால் ஒரு ஆட்டத்துக்கு 100 ரூபாய். மணிக்கு 25 ஆட்டம் என்றால் 2,500. பத்து மணி நேரத்தில் 25,000. ஒன்பது பேர் ஆளுக்குப் பத்தாயிரம் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தால், மேஜையின் மொத்தப் பணமான 90,000-இல் கால் பங்குக்கு மேல் யாரும் ஜெயிக்காமலே கரைந்துவிடும். தொகை சின்னதாக இருக்கும் மேஜையில்தான் இந்தக் கடி ஆழமாக விழும்.

வரி இதற்கு வெளியே நிற்கிறது. 2023 அக்டோபர் முதல் கேசினோவில் சிப் வாங்கக் கொடுக்கும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி. ஒரு நாள் தோற்றதை இன்னொரு நாள் ஜெயித்ததில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. புதியவர்களை அள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர், தன்னைவிடப் பெரிய இரண்டு கைகள் தனக்கு முன்பே அள்ளிவிடுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கதவை யார் மூடுகிறார்கள்?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் நீண்ட போராட்டம் நடத்தியிருக்கிறது. 2020 நவம்பரில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட்டு அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் அதைத் தொடர்ந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன்பின் வந்த மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் வைத்ததை மட்டும் அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. கடைசியில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லாமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்துக்கும் தடை போட்டது.

கைப்பேசியில் கதவு மூடியது. கப்பலில் கதவு திறந்தே இருக்கிறது. கேசினோ அந்தந்த மாநிலத்தின் விவகாரம். கோவாவின் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 1992-இலும் 1996-இலும் திருத்தப்பட்டு நட்சத்திர ஓட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் வழிவிட்டது. ஆனால் 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் அந்தக் கேசினோக்களில் நுழைய முடியாது. நேபாளமும் தன் குடிமக்களைக் கேசினோவுக்குள் விடுவதில்லை. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. தன் பிள்ளைக்கு ஆகாது என்று ஒவ்வொரு ஊரும் முடிவெடுத்த பிறகு, அந்த மேஜையில் உட்கார மிச்சம் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்தான்.

சிங்கப்பூரிடம் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. சூதாட்டத்தில் மூழ்கியவரின் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ அங்குள்ள சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் மனு கொடுத்து, அவரைக் கேசினோவுக்குள் நுழையவிடாமல் தடை வாங்கலாம். அவரே முன்வந்தும் தன் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. கேசினோ வாசலில் அடையாள அட்டை காட்டாமல் நுழைய முடியாத இந்தக் காலத்தில், கேசினோ நடக்கும் கோவாவிலும் சிக்கிமிலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால், இரும்புலியூரில் இருக்கும் ஒரு தாய்க்கு மனுக் கொடுக்க ஒரு இடமாவது இருக்கும். நம் மாநில அரசும் நம் எம்.பி.க்களும் இதைக் கேட்க வேண்டும்.

போக்கர் திறமை விளையாட்டு என்பதை நான் மறுக்கவில்லை. மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி. திறமை விளையாட்டு என்பதாலேயே அது புதியவருக்கு ஆபத்தானது. அதிர்ஷ்ட ஆட்டத்தில் எல்லோரும் சமமாகத் தோற்கிறார்கள். திறமை ஆட்டத்தில் தெரியாதவர் தெரிந்தவருக்குத் தோற்கிறார், இருவரும் சேர்ந்து கேசினோவுக்குத் தோற்கிறார்கள். சூது பற்றிய அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், தோற்கிறவரை விட்டுவிட்டு ஜெயிக்கிறவரை எச்சரித்ததன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. பத்து மணி நேரம் ஆடி நாலாயிரம் ஜெயித்தவர், அந்த நாலாயிரத்துக்காகத் திரும்பப் போகிறார்.

ஆகவே போகத்தான் வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொண்டுபோகும் பணம் சினிமா டிக்கெட் போல அங்கேயே செலவாகிவிடும் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அது வாடகைப் பணமாகவோ கடன் வாங்கிய பணமாகவோ இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள். ஏற்கெனவே கைமீறிப் போனவர்களும் அவர்கள் வீட்டாரும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட வேண்டாம். ஆடியது போதும் என்று எழுந்து வருகிறவர்தான் அந்த மேஜையில் சரியாக ஆடியவர்.