கூவாத ஏலம்

எங்கள் ஊரில் ஏலம் என்றாலே சத்தம்தான். அம்மனுக்குச் சாத்திய புடவைகளைக் கோயிலில் ஏலம் விடும்போது, சிறுமியாக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் எழும். விலை கேட்பவர்கள் முன்வரிசை ஆண்கள். அம்மா தறியில் உட்கார்ந்தவர். புடவையைத் தொட்டுப் பார்த்தே ஜரிகையின் தரத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் அத்தனை பேர் நடுவே விலை கேட்க அவருக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு நடத்துகிறோம். மின்விசிறிக்கும் புத்தகத்துக்கும் பணம் தேவைப்பட்டது. பழைய மாணவர்கள் மௌன ஏலம் நடத்தலாம் என்றார்கள். பொருள்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாள் வைக்க வேண்டும். வாங்க விரும்புகிறவர் தனக்குக் கொடுத்த எண்ணையும் விலையையும் அதில் எழுதுவார். அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார். நேரம் முடியும்போது கடைசி வரியில் இருப்பவருக்குப் பொருள். அவ்வளவுதான்.

தானமாக வந்ததை ஏலம் விட்டு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1933–34 அரிசனப் பயணத்தில் காந்தி, தனக்கு அளித்த வரவேற்புப் பத்திரங்களையும் நகைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று, காணிக்கையாக வந்த வாழைத்தாரும் சேவலும் தேங்காயும் ஏலத்துக்கு வரும். பிரதமருக்கு வந்த பரிசுகளை 2019 முதல் இணையத்தில் ஏலம் விட்டு, வரும் பணத்தைக் கங்கையைத் தூய்மைப்படுத்தும் நமாமி கங்கே திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். சத்தமில்லாமல் விலை பேசுவதும் நாம் அறிந்ததே. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பொருள் கேட்டு வீடு வீடாகப் போனோம். ஒரு நெசவாளர் கோர்வைப் புடவை கொடுத்தார். ஒருவர் பித்தளைக் குத்துவிளக்கு, இன்னொருவர் பேரன் ஓட்டி முடித்த சைக்கிள். பொருள் இல்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். தையற்கார அம்மா ஒரு ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து தருவதாகச் சொன்னார். ஆட்டோக்காரத் தம்பி ஒருநாள் முழுக்கக் கோயில்களைச் சுற்றிக் காட்டுவதாக எழுதிக் கொடுத்தார். பொருளாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட்டோம். பின்னால் மனக்கசப்பு வரக் கூடாதல்லவா?

முதல் வருடம் இரண்டு தவறு செய்தோம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தாளில் குறிப்பிடவில்லை. ஆயிரக்கணக்கில் போக வேண்டிய புடவைக்குப் பத்துப் பத்து ரூபாயாக ஏறியது. எல்லா மேசைகளையும் ஒரே நேரத்தில் மூடியதால், கடைசி ஐந்து நிமிடத்தில் நெரிசலில் ஒரு தாள் கிழிந்தே போயிற்று. மறு வருடம் சந்தை விலையில் ஏறக்குறைய பாதியை ஆரம்ப விலையாக வைத்தோம். 12,000 ரூபாய் பெறும் புடவை என்றால் 6,000இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் குறைந்தது 300 கூட்ட வேண்டும். கால்மணி நேர இடைவெளியில் மேசைகளை ஒவ்வொன்றாக மூடினோம். வந்தவர்களுக்கு வாசலிலேயே எண் கொடுத்தோம். தாளில் பெயரே கிடையாது.

ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரிக் குறிப்பும் எழுதி வைத்தோம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், நெய்பவர் பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும். இதைப் படித்த பிறகு, புடவையைக் கடந்து போனவர்கள் திரும்பி வந்து எழுதினார்கள்.

எனக்கு மறக்காதது சைக்கிள் மேசைதான். தறிக்குத் தார் நூல் சுற்றிப் பிழைக்கும் ஓர் அம்மா, எண் 41, பேத்திக்காக 800 ரூபாய் எழுதினார். யாரோ 850 எழுதினார்கள். அவர் தூணோரம் போய் நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்து 900 எழுதினார். அதற்கு மேலும் ஒருவர் போனார். மூன்றாவது முறை 1,000 என்று எழுதியபோது அவர் கை நடுங்கியது. ஆனால் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூவி விட்டிருந்தால் இந்த அம்மா 850இலேயே ஒதுங்கியிருப்பார், என் அம்மாவைப் போல.

மணி அடித்ததும் அவர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். பணத்தைக் கட்டி ரசீது வாங்கியவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"டீச்சர், அந்தத் தாளையும் குடுங்களேன். என் கையெழுத்து இருக்குதில்ல."

மடித்துக் கொடுத்தேன்.