எதிராளியை எடை போடுவது எப்படி?

நான் பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் அத்துப்படி. இருந்தும் 2025 ஐ.பி.எல். சீசனில், எங்கள் போடி கோஷ்டியின் ஃபேன்டசி கிரிக்கெட்டில் எனக்குக் கடைசி இடம்! முதலிடம்? குரங்கணியிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஏலக்காய்க் கடைக்கு வேலைக்கு வரும் ஒரு அண்ணன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நிஜ மேட்ச்சில் மோதும் இரண்டு டீமிலிருந்தும் பதினோரு பேரை நாம் பொறுக்க வேண்டும். அவர்களுடைய ரன், விக்கெட் எல்லாம் நமக்குப் பாயிண்ட். நாம் சொல்லும் கேப்டனுக்கு இரட்டிப்பு. எங்களுக்குள் காசு கிடையாது. தோற்றவன் பரோட்டா வாங்கித் தர வேண்டும்.

முதல் நாள் அண்ணன் ஜெயித்தபோது, "குருட்டு அதிர்ஷ்டம்ணே!" என்றேன். மூன்றாவது வாரமும் நானே பில் கொடுத்தபோதுதான் கேட்டேன்: "எதைப் பாத்துண்ணே டீம் போடறீங்க?"

"ஆட்டக்காரனைப் பாக்கறது பாதி தம்பி, உங்களைப் பாக்கறது மீதி. ஏலத்துல காயை மட்டும் பாத்தாப் போதுமா? எவன் எதுவரைக்கும் கேப்பான்னு தெரியணும்ல!"

என்னைப் படித்து வைத்திருந்தார் மனிதர். சென்னை ஆடினால் நான் தோனியைத்தான் கேப்டனாகப் போடுவேன். கடைசி ஓவர்களில் இறங்குகிறவருக்கு எத்தனை பந்து கிடைக்கும்? பக்தி வேறு, பாயிண்ட் வேறு!

அவரிடம் கற்ற பாடங்கள் மூன்று.

ஒரு ராத்திரி ஜெயித்தவனைக் கண்டு மிரளாதே. அந்த சீசன் அட்டவணையில் 74 மேட்ச். இருபது மேட்ச் கழித்தும் மேலேயே இருக்கிறானா? அவன்தான் ஆசாமி.

ராத்திரி மேட்ச்சுக்கு ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்து, அந்த அரை மணியில் டீமை மாற்றுகிறவன் கெட்டிக்காரன். மத்தியானமே போட்டுவிட்டுத் தூங்குகிறவன்... அடியேன்.

முன்னால் இருக்கிறவன், எல்லோரும் போடும் கேப்டனையே போடுவான், வித்தியாசம் குறையாது. பின்தங்கியவன்தான் யாரும் நினைக்காத ஆளைப் போட வேண்டும்.

பரோட்டாவோடு நிறுத்தியிருக்கலாம். காசு கட்டும் ஆப் ஒன்றிலும் ஆடினேன். கட்டுரைக்கு வந்த சன்மானம் இரண்டாயிரமும் போயிற்று. அண்ணன் திட்டவில்லை. "எதிர்ல ஆடினது யாரு?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. புனைபெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஃபேன்டசி திறமை ஆட்டம்தான் என்று 2017-ல் பஞ்சாப்-ஹரியானா ஐகோர்ட் சொன்னது. சரி ஸார், திறமை எதிராளியிடம் இருந்தால்? பர்ஸ் நம்முடையது அல்லவா! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டமே போட்டுவிட்டது. என் இரண்டாயிரம் அதற்கு முன்பே போய்விட்டது.

ஒரே ஆறுதல், அந்த ஜூன் 3-ம் தேதி ஃபைனல். பெங்களூருக்கும் பஞ்சாபுக்கும். எல்லோரும் கோலியைத்தான் கேப்டனாகப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கடைசி இடத்தில் இருப்பவனுக்கு என்ன பயம்? குருணால் பாண்டியாவைப் போட்டேன். 4 ஓவர், 17 ரன், 2 விக்கெட். ஆட்ட நாயகனே அவர்தான்!

அன்று பில் கொடுத்தது அண்ணன். கொடுத்துவிட்டுச் சிரித்தார்:

"குருட்டு அதிர்ஷ்டம், தம்பி!"