ஹேண்டில்பார் டேப்: தேர்வும் சுற்றும் முறையும்

ரோடு பைக்கின் ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு போல் வளைந்தது. மேலே நேர்ப்பகுதி, பிரேக் லிவரின் ரப்பர் உறை, கீழ்வளைவு என ஓட்டுபவரின் கைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கெல்லாம் வழுக்காத பிடியைத் தருவதும், சாலை அதிர்வைத் தணிப்பதும் அதில் சுற்றிய டேப்தான்.

முன்பு பருத்தி நாடா சுற்றினார்கள். வியர்வையும் அழுக்கும் ஏறாமலிருக்க அதன்மேல் அரக்குக் கரைசல் பூசுவதும் உண்டு. 1980களில் தக்கைத் துகள் கலந்த நுரை டேப் பரவியது; இத்தாலியின் சினெல்லி நிறுவனம் அதில் பெயர் பெற்றது. இன்று பாலியூரித்தேன் டேப்புகளும் நிறையக் கிடைக்கின்றன. நுரை டேப் மெத்தென்று இருக்கும், ஆனால் இழுத்தால் எளிதில் கிழியும். பாலியூரித்தேன் ஈரக் கையிலும் பிடிக்கும், விலை கூடுதல்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது தடிமன். லிசார்ட் ஸ்கின்ஸ் நிறுவனம் ஒரே வகையை 1.8, 2.5, 3.2 மி.மீ. அளவுகளில் விற்கிறது. தடித்ததே சொகுசு என்பது பாதி உண்மைதான். லிவர் பொருந்தும் இடத்தில் கம்பியின் விட்டம் சுமார் 23.8 மி.மீ. அதன்மேல் 3.2 மி.மீ. டேப்பை ஒரே அடுக்காகச் சுற்றினாலே விட்டம் 30 மி.மீ. தாண்டுகிறது, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் இன்னும் கூடும். சிறிய கை அதைப் பற்றியே களைத்துவிடும். பாரிஸ்-ரூபே பந்தயத்தின் கருங்கல் பாதைகளுக்கு இரண்டு அடுக்கு சுற்றுபவர்கள் உண்டு; நல்ல தார்ச்சாலைக்கு அது தேவையில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அப்போது டேப்பை மாற்றுவதற்கு முன் சீட்டின் சாய்வையும் ஹேண்டில்பாரின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

சுற்றுவதற்கு முன் பழைய பசையை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, கேபிள்களை இன்சுலேஷன் டேப்பால் கம்பியோடு ஒட்டி, லிவரின் ரப்பர் உறையை மடித்துவிட வேண்டும். தொடக்கம் கீழ்முனையிலிருந்து. மேலிருந்து தொடங்கினால், வளைவில் டேப்பின் ஓரங்கள் உள்ளங்கைக்கு எதிராக நின்று சுருண்டுவிடும். முனைக்கு வெளியே அரை அகலம் நீட்டிவிட்டால், பிறகு அதை உள்ளே மடித்து அடைப்பானால் இறுக்கலாம்.

திசையில்தான் பலர் தவறுகிறார்கள். கீழ்வளைவைப் பற்றிய கை வெளிப்பக்கமாகத் திருகும். ஆகவே பின்னாலிருந்து பார்க்கையில் வலப்பக்கம் கடிகாரச் சுற்றிலும் இடப்பக்கம் அதற்கு எதிராகவும் செல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு பிடியும் டேப்பை இறுக்கும். மேல்பகுதியிலோ கை ஓட்டுபவரை நோக்கித் திருகும், எனவே டேப்பும் அப்படியே வர வேண்டும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டு போனால் இரண்டும் பொருந்தாது. லிவரைச் சுற்றி எட்டு வடிவில் கொண்டுபோனால் திசை மாறிவிடும். லிவரின் கிளாம்பும் மறைந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை படிய வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில்தான் இடைவெளி விழும், அங்கே கூடுதலாகப் படியவிட வேண்டும். இழுவிசை சீராக இருக்கட்டும். ஸ்டெம் அருகே டேப்பைச் சாய்வாக வெட்டினால் முடிவு நேராக அமையும். அதன்மேல் இன்சுலேஷன் டேப் போதும். அடைப்பான் இல்லாமல் ஓட்டவே கூடாது, விழும்போது திறந்த குழாய்முனை உடலைத் துளைக்கும்.

டேப்புக்குள் ஊறும் வியர்வையின் உப்பு அலுமினியக் கம்பியை அரிக்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். பழைய டேப்பைக் கழற்றும்போது வெள்ளைப் பொடியின் அடியில் குழிகள் தெரிந்தால், புது டேப் சுற்றாமல் ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டும்.