மூன்றாவது குடித்தனம்

நம் ஊர் விளம்பரங்களில் ‘டூப்ளெக்ஸ்’ என்றால், உள்ளேயே மாடிப்படி வைத்துக் கட்டிய, ஒரே குடும்பத்திற்குரிய இரண்டடுக்கு வீடு. அமெரிக்காவிலோ அச்சொல்லின் பொருள் வேறு. இரு குடும்பங்கள் தனித்தனிச் சமையலறையோடு ஒரே கூரையின்கீழ் வாழும் வீடே அங்கு டூப்ளெக்ஸ், மூன்றானால் ட்ரிப்ளெக்ஸ். கீழே தாங்கள் குடியிருந்து, மாடியை வாடகைக்கு விட்டு வீட்டுக்கடனை அடைத்துவரும் குடும்பங்கள் அங்குப் பல. நிலவறை வீணே கிடக்கக் கண்டால், அதையும் ஒரு குடித்தனமாக்கலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு.

ஆனால் எண்ணியவுடன் கொத்தனாரை அழைத்துவிட இயலாது. எந்த மனையில் எத்தனை குடித்தனம் என்பதை நகரத்தின் நில மண்டல விதி வரையறுக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் ஊர் பற்றிய வழக்கில், 1926-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தனி வீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குக் குடியிருப்பை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது! வாடகைக்கு வாழ்வோரை அக்காலத்தார் எவ்விதம் நோக்கினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மின்னியாபொலிஸ் மாநகரம் இந்நிலையை மாற்றத் துணிந்தது. தனி வீட்டுக்கென ஒதுக்கிய மனைகளிலும் மூன்று குடித்தனம் வரை அமையலாம் என்னும் திட்டத்தை 2018 டிசம்பரில் நகரமன்றம் ஏற்றது. 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மூன்று குடித்தன வீடுகள் எதிர்பார்த்த அளவுக்கு எழவில்லை.

ஏனெனில் மண்டல விதி முதற் கதவு மட்டுமே. அந்நாட்டின் பெரும்பாலான இடங்களில், ஒன்று அல்லது இரண்டு குடித்தன வீடுகளுக்கு எளிய கட்டட விதித்தொகுப்பு உண்டு. மூன்றாவது குடித்தனம் புகுந்ததும் அதே பழைய வீடு, பெரிய அடுக்குமாடிகளுக்குரிய தொகுப்பின்கீழ்ச் சென்றுவிடுகிறது! தீ பரவாத சுவரும் கூரையும், தீயணைக்கத் தானே இயங்கும் நீர்தெளிப்பான்களும் வேண்டும். தப்பிச் செல்லும் வழிகளும் அதற்கேற்ப அமைய வேண்டும். வாடகையால் வரும் ஆதாயத்தை இச்செலவே விழுங்கிவிடக்கூடும். இத்தடையை உணர்ந்த வட கரோலைனா மாநிலம், மூன்று, நான்கு குடித்தன வீடுகளையும் எளிய தொகுப்பிலேயே சேர்க்க 2023-இல் சட்டம் இயற்றியது. பயனுள்ள திருத்தம் என்றே தோன்றுகிறது.

செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, அனுமதியின்றியே நிலவறையில் ஆள் வைப்போரும் உண்டு. 2021 செப்டம்பர் முதல் நாள் இரவு, ஐடா புயலின் எச்சமாகப் பெய்த பெருமழையில், நியூயார்க் நகரின் நிலவறைக் குடியிருப்புகளில் மட்டும் பதினொருவர் மாண்டனர். அவ்விடங்களுள் பெரும்பாலானவை அனுமதி பெறாதவை. தப்பிச் செல்லும் வழி பற்றிய விதி, ஏட்டில் காண்கையில் வெறும் தொல்லையாகவே தோன்றும். நீர் மார்பளவு ஏறுகையில் அதன் பொருள் விளங்கும். எனினும் பழியை வீட்டுக்காரர்மீதே சுமத்துவதும் நேர்மையன்று. நேர்வழி எட்டாத செலவாயிருக்கையில் குறுக்குவழி பெருகவே செய்யும்.

அயல்நாட்டில் வீடு வாங்க முனையும் பிள்ளைகளை உடையோர், அவர்களுக்கு ஒன்று எழுதலாம். மூன்று குடித்தன வீடு என்று தரகர் சொன்னாலும், மாநகர அலுவலகப் பதிவேட்டில் அது இரண்டாகவே இருக்கக்கூடும். முன்பணம் கொடுக்குமுன், குடியிருப்பு அனுமதிச் சான்றில் எத்தனை குடித்தனம் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்துவிட வேண்டும்.