டிஸ்கஸ் குஞ்சுகளிற் செந்நிறம் பெறுதல்

சல்லிக் கரையில் இறால் மலிந்த நாட்களிலே தலையும் ஓடும் களைந்து மணலில் எறியப்படுகின்றன. காகத்துக்குப் போகும் அக்கழிவில், அலங்கார மீன் வளர்ப்போர் விலை கொடுத்து வாங்கும் செந்நிறம் அடங்கியுள்ளது.

நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருட் சிலர், வீட்டுப் புறத்தே தொட்டி கட்டி டிஸ்கஸ் மீன் வளர்க்க விரும்புகின்றனர். அமேசன் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் தட்டுப்போல் வட்டமானது. இதன் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தையரின் தோலில் ஊறும் வழும்பையே உண்டு வளரும். இளங்குஞ்சு பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அது கண்டு மனஞ் சோர்ந்து, நிறமூட்டும் மருந்தைத் தேடுவதிலேதான் தீங்கு தொடங்குகிறது.

மீன் தன் உடலிற் செந்நிறப் பொருளை ஆக்கமாட்டாது. உணவிலிருந்தே அதனைப் பெறவேண்டும். பச்சிலையும் மஞ்சட் சோளமும் தின்னும் கோழியின் முட்டைக்கரு நிறம் மிகுவதை நீங்கள் அறிவீர்கள். மன்னார்ப் பக்கம் வந்து தங்கும் பூநாரைகளின் செம்மையும் இரையால் வந்ததே. இப்பொருள்களுக்குக் கரோட்டினொயிட்டுகள் என்று பெயர். இறால் ஓட்டில் இருப்பது அஸ்டாக்சாந்தின் என்னும் வகை. பச்சை இறாலில் அது புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கும். அவிக்கும்போது பிணைப்பு அற்றுச் சிவப்புத் தோன்றும்.

ஆகவே புதிய இறால் தலை, ஓடுகளை உப்புப் போக நன்னீரிற் பலமுறை கழுவி, சிறிது நேரம் அவித்து, நிழலில் உலர்த்துக. கடும் வெயில் நிறப்பொருளைக் கெடுக்கும். உலர்ந்தபின் இடித்துத் துணியில் அரித்து, முள்ளும் கூரும் நீக்குக. அரைத்த மீன்சதை பத்துப் பங்குக்கு இத்தூள் ஒரு பங்கு போதும். இந்நிறப்பொருள் கொழுப்பிற் கரைவதாதலின், மீனெண்ணெய் சில துளி சேர்ப்பது நன்று. பழுத்த மிளகாயிலும் செந்நிறப் பொருள் உண்டு. காரமற்ற இனமாயின் விதை நீக்கிச் சிறிது சேர்க்கலாம். பூச்சிமருந்து தெளித்த பழம் ஆகாது.

குஞ்சுகள் பெற்றோரைப் பிரிந்து, அரைத்த உணவை நன்றாக உண்ணத் தொடங்கியபின் இதனைக் கொடுக்கலாம். ஒன்றிரண்டு மாதமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். விரைவை விரும்பி அளவை மிகுத்தால் எஞ்சிய இரை அழுகும். 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள இம்மீனின் நீரில் அது மிக விரைவில் நிகழும். எஞ்சியதை உடனே அகற்றி, நாடோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றுக. கரையோரக் கிணற்று நீர் உவராயின், வடகீழ்ப் பருவ மழைநீரைச் சேமித்துக் கலந்து பயன்படுத்தலாம். நெடுநாட் காய்ந்த கூரையில் விழும் முதல் மழையை விட்டுவிடுக.

உணவு இல்லாத நிறத்தைப் படைக்காது. குலத்தில் உள்ளதையே வெளிக்கொணரும். பெற்றோர் நீலமாயின் குஞ்சு செம்மீனாகாது. இவ்வுண்மையை நான் பணங் கொடுத்துக் கற்றேன். முதன்முறை வாங்கிய பத்துக் குஞ்சுகள் விரலளவிலேயே செம்பருத்திபோற் சிவந்திருந்தன. என் தொட்டியில் சில வாரங்களுள் அவை வெளிறின. வளர்ந்தபின் ஒன்றேனும் முட்டையிடவில்லை. ஆண்மை ஓமோன் ஊட்டிய குஞ்சுகளில் இவ்வாறு நிகழும்; அம்மருந்து இளமீனை மலடாக்கவும் கூடும். எனவே மிகச் சிறு குஞ்சு முதிர்ந்த மீனின் நிறங் காட்டினால் ஐயுறுக. இயன்றால் பெற்றோர் மீன்களைக் காட்டும்படி கேட்டு வாங்குக.

தொட்டியின் பின்புறத்துக்குக் கறுப்பு வேண்டா. கறுப்புப் பின்னணியில் மீன் தானும் கருமை கொள்ளும். சில சிவப்பு இனங்களில் மிளகுத்தூள் தூவியதுபோற் கரும்புள்ளிகள் மிகும். வெளிர்நீலம் ஏற்றது.

இன்னுமொன்று: தோட்டத்தில் மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன்தொட்டிக்கு எடுக்கலாகாது. மீனுக்கென்று ஒரு வாளியை வாங்கி, குறியிட்டு, தொட்டியருகிலேயே கவிழ்த்து வைத்திருங்கள்.