பின்தங்கிய பிரதேசங்களுக்கு வைத்தியர்களை ஈர்த்தல்

உலக மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் கிராமப்புறங்களில் வாழ்ந்தபோதும், வைத்தியர்களில் நாலிலொரு பங்கினர்கூட அங்கு பணியாற்றவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2010 இல் சுட்டிக்காட்டியது. வைத்தியர் இல்லாத ஊரில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டும். அதுவரை உயிர் தங்குமா என்பதே பிரச்சினை.

இதற்குப் பரிகாரம் சம்பளத்தைக் கூட்டுவதே என மாணவர் பலர் எழுதுவர். விசேட கொடுப்பனவு உதவும், மறுப்பதற்கில்லை. ஆயினும் வைத்தியர் ஒருவர் கஷ்டப் பிரதேசத்திலிருந்து இடமாற்றம் கேட்பதற்குப் பணம் மட்டுமே காரணமன்று. பிள்ளைகளுக்கு வசதியான பாடசாலை இல்லை, கணவனுக்கோ மனைவிக்கோ தொழில் இல்லை, மேற்படிப்புக்கு வாய்ப்பில்லை, சிக்கலான நோயாளி வந்தால் கலந்தாலோசிக்க மூத்த வைத்தியர் அருகில் இல்லை. கொடுப்பனவு இவற்றில் எதனையும் தீர்த்துவிடாது.

கட்டாய சேவை இன்னொரு வழி. தாய்லாந்தில் அரச மருத்துவப் பட்டதாரிகள் மூன்று ஆண்டுகள் அரச சேவையாற்ற வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆனால் தண்டப்பணத்தைச் செலுத்திவிட்டு இடையில் விலகியோரும் உளர்.

யப்பான் வேறு விதமாகச் சிந்தித்தது. அங்குள்ள மாகாணங்கள் யாவும் கூட்டாக 1972 இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை நிறுவின. 47 மாகாணங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுதோறும் இரண்டு அல்லது மூன்று மாணவர் தெரிவுசெய்யப்படுவர். ஆறு வருடப் படிப்புக்கான கட்டணம் கடனாக வழங்கப்படும். பட்டம் பெற்றவர் தமது சொந்த மாகாணத்துக்குத் திரும்பி, படித்த காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது ஒன்பது ஆண்டுகள், பணியாற்றினால் கடன் முழுவதும் தள்ளுபடியாகும். அக்காலத்தில் ஒரு பகுதியை மலைக்கிராமங்கள், தீவுகள் போன்ற இடங்களிற் கழிக்க வேண்டும். இடையில் விலகினால் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். இதன் பலம் கடனிலன்று, தெரிவிலேயே உள்ளது என்பதைக் கவனிக்க. கிராமத்திற் பிறந்து வளர்ந்தவரே பின்னர் கிராமத்தில் நிலைத்துப் பணியாற்றும் வாய்ப்பு அதிகம் எனப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

இலங்கையிலும் இதற்கு ஒரு தொடக்கப்படி உண்டு. மருத்துவபீட அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, மொனராகலை முதலிய பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. இதனால் அம்மாவட்டப் பிள்ளைகள் வைத்தியராகின்றனர். ஆனால் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்ற கடப்பாடு இவ்வொதுக்கீட்டுடன் இணைக்கப்படவில்லை. உள்ளகப் பயிற்சி முடிந்ததும் திறமை வரிசைப்படியே நியமனங்கள் வழங்கப்படுகின்றன. வரிசையில் முன்நிற்பவர் விரும்பிய வைத்தியசாலையைத் தெரிவார். எஞ்சிய இடங்களே பின்நிற்பவருக்குக் கிடைக்கும்.

இத்தலைப்பில் எழுதும்போது, ஒதுக்கீட்டுடன் சேவைக் கடப்பாட்டையும் இணைக்கலாமா என்பதை ஆராயுங்கள். யப்பானிய முறைப்படி பார்த்தால் பாடசாலையை விட்டு வெளியேறும் வயதில் ஒப்பமிடும் ஒருவர் படிப்புடன் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறார். அது நியாயமா என்பதையும் எழுதத் தவறாதீர்கள்.