லீவு எடுத்தால் பிரமோஷன் போச்சா?

என் நாத்தனார் சென்னையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, அது என்ன வேலை என்றே ரொம்ப நாள் புரியவில்லை. மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிக் காசு வாங்குவதாம். அங்கே ஆட்களின் நேரம்தான் சரக்கு. எந்த கிளையன்டுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று டைம்ஷீட் எழுதித் தர வேண்டும். கையில் ப்ராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் 'பெஞ்ச்'. (பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைப்பார்களே, அதைவிட மோசமாம்!) இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த படிக்கு ஏறாவிட்டால், 'இவங்க தேறமாட்டாங்க' என்று பேச்சு வந்துவிடும்.

போன வருடம் அவளுக்குப் பிரசவம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய லீவை 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள் அல்லவா? அதன்படி லீவு கொடுத்தார்கள். அதில் குறை இல்லை. திரும்பிப் போனபோதுதான் வினை.

அவளுக்குக் கீழே இருந்த பையன் மேனேஜர் ஆகிவிட்டான். இவளுக்கு நடுத்தர ரேட்டிங். "ஆறு மாசம் நீங்க இல்லையே, எதை வச்சு மார்க் போடறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம் மேலதிகாரி. இத்தனை பேருக்குத்தான் முதல் ரேட்டிங் என்று முன்னாடியே கணக்கு உண்டாம். லீவில் போனவளைத் தள்ளிவிடுவது சுலபம்தானே!

அன்று ராத்திரி, "அண்ணி, நான் வேலையை விட்டுடறேன்" என்று வந்து அழுதாள். "பேசாம வீட்டோட இருந்து புள்ளையப் பாரு" என்றார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை. மூத்தவன் பிறந்தபோது, நானும் தையல் கடை வேலையை 'கொஞ்ச நாளைக்கு' என்று விட்டவள்தான். அதற்கப்புறம் போகவேயில்லை.

"ஆறு மாசம்தானே நீ இல்ல? மீதி ஆறு மாசம் செஞ்ச வேலை எங்க போச்சு? அதைக் கேளு முதல்ல" என்றேன்.

ஏழு மாத வயிற்றோடு வாராவாரம் பெங்களூரு போய் வந்தவள் அவள். அந்த மாதங்களில் முடித்த வேலை, கிளையன்டுகள் பாராட்டி அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 'வேலை செய்த மாதங்களை வைத்து மட்டும் ரேட்டிங் போடுங்கள், முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று ஹெச்.ஆருக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் பதிலே இல்லை. அப்புறம் கூப்பிட்டு, ரேட்டிங்கை ஒரு படி உயர்த்தினார்கள். பிரமோஷன், 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று நிற்கிறது. இதே கதி ஆன இன்னும் இரண்டு பெண்கள் அவளிடம் அந்த லெட்டரின் நகல் கேட்டு வாங்கிப் போனார்களாம்.

இப்போது பகலில் குழந்தை என்னிடம்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டிங் வைத்தால், அவள் வீடு வந்து சேர ஒன்பது ஆகிறது. அதையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, குரோம்பேட்டை.